சின்னக் கைக்குத் தணிந்த சுருதியில் ஒரு விசில்

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. டின் விசில் வாசிக்கிறாள். பித்தளைக் குழல், ஆறு துளை, தலையில் பிளாஸ்டிக் வாய்ப்பகுதி, ஏறக்குறைய ஒரு அடி நீளம், டி (D) சுருதி. வாய் வைத்து ஊதினாலே நாதம் வந்துவிடும் கருவி என்பதால், உதடு பழக்க வேண்டிய புல்லாங்குழலைவிடக் குழந்தைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். விரல் ஓட்டமும் நன்றாக வந்துவிட்டது அவளுக்கு. சிக்கல் சத்தத்தில்தான். மேல் ஸ்தாயிக்குப் போனால் காதைத் துளைக்கும். எங்கள் அப்பா மார்கழியில் திருப்பரங்குன்றத்தில் தெருப் பஜனைக்குப் போகிறவர். 2 கட்டை சுருதியில், அதாவது டி சுரத்தையே ஸட்ஜமமாக (ச) வைத்துப் பாடுவார். பேத்தியும் கூடச் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. ஆனால் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தபோது அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். "பாப்பா, அம்புட்டு மேல போகாதம்மா, தாத்தாவுக்குக் காது அடைக்குது" என்றார்.

சுருதி இறங்கிய விசில் வேண்டும்; கை எட்டவும் வேண்டும். குழாய் வேலை என் தொழில். ஆகவே வாங்குவதா, நாமே செய்வதா என்று யோசித்து, இரண்டுக்கும் வேண்டிய கணக்கை முதலில் போட்டுக்கொண்டேன். சின்னக் கை உள்ள பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தணிந்த விசில் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது லோ டி. சாதாரண டி விசிலுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. அதன் கதை நம் ஊருக்குக் கொஞ்சம் நெருக்கமானது. அயர்லாந்துக் கலைஞர் ஃபின்பர் ஃபியூரி வைத்திருந்த இந்திய மூங்கில் குழல் பயணத்தில் உடைந்துபோக, 1971-ல் பெர்னார்ட் ஓவர்டன் என்பவர் அதைச் சரிசெய்யப் பார்த்து முடியாமல், அதேபோல ஒன்றை உலோகத்தில் செய்து கொடுத்தார். அதைத் திருத்தித் திருத்தி உருவானதுதான் இன்றைய லோ டி. சாதாரண டின் விசிலோ அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது. இங்கிலாந்தில் ராபர்ட் கிளார்க் 1843-ல் தகரத்தைச் சுருட்டிச் செய்து விற்க ஆரம்பித்தார். அந்தப் பெயரில் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது.

நண்பர் ஒருவரிடம் அலுமினிய லோ டி இருந்தது. இரவல் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். இடக்கை மூன்று விரலும் எப்படியோ உட்கார்ந்தன. வலக்கையில் மோதிர விரலை (வாய்ப்பக்கமிருந்து எண்ணினால்) ஆறாவது துளையில் வைத்தால் ஆள்காட்டி விரல் நான்காவது துளையிலிருந்து நழுவும். அதைச் சரிசெய்தால் இது கிளம்பிவிடும். "மாமா, இது எட்டவே மாட்டேங்குது" என்று மணிக்கட்டை வளைத்து வளைத்துப் பார்த்தாள். ஒரு துளையில் நூலளவு கசிந்தாலும் தணிந்த சுரங்கள் வராது, கீச்சென்று மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். டேப் வைத்து அளந்தேன். அந்த லோ டியில் நான்காம் துளை நடுவிலிருந்து ஆறாம் துளை நடு வரை 7 செ.மீ.க்கும் மேல். அவள் விரலை வலிக்காமல் விரித்தால் ஆள்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே 6 செ.மீ. வரும். பழகப் பழக எட்டும் என்று சிலர் சொல்வார்கள். வளர்கிற கையை அப்படி இழுத்துப் பழக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. விரல் விறைத்துப்போனால் வேகமும் போகும், ஆசையும் போகும்.

துளைகள் ஏன் அவ்வளவு தள்ளித் தள்ளி வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இருபக்கமும் திறந்த குழலில் ஒலி அலையின் பாதி நீளம்தான் குழலின் கணக்கு நீளம். சூடான நம் ஊர்க் காற்றில், 30 டிகிரியில், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். லோ டியின் அடிச்சுரம் 293.7 ஹெர்ட்ஸ்; கணக்கு நீளம் 59 செ.மீ. ஜி விசிலின் அடிச்சுரம் 392 ஹெர்ட்ஸ், நீளம் 44.5 செ.மீ. பி ஃப்ளாட் என்றால் 37 செ.மீ. (வாய்ப்பக்கமும் வால்பக்கமும் காற்று கொஞ்சம் வெளியே நீண்டு அதிர்வதால் நிஜக் குழாய் இதைவிடச் சில சென்டிமீட்டர் குறைவாக இருக்கும்.) துளை இடைவெளி எல்லாம் இந்த நீளத்தோடு சேர்ந்து வளரும். ஆறு துளையும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், ஐந்தாம் துளைக்கும் ஆறாம் துளைக்கும் நடுவே நீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வரும். அதாவது லோ டியில் 6 செ.மீ.க்குக் கிட்டத்தில். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே அதில் பாதிகூட வராது, ஏனென்றால் அங்கே அரைச்சுரம்தான் வித்தியாசம். இப்படியே விட்டால் யார் கைக்கும் சரிவராது. அதனால் செய்பவர்கள் துளை அளவை மாற்றி இடைவெளியைச் சமன் செய்கிறார்கள். சின்னத் துளை போட்டால் சுரம் இறங்கும், ஆகவே அதை வாய்ப்பக்கமாக மேலே தள்ளி வைக்கலாம். பெரிய துளைக்கு இது நேர்மாறு. ஆறாம் துளை சிறியது, ஐந்தாம் துளை பெரியது, நான்காம் துளை சிறியது என்று நீங்கள் விசில்களில் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே சின்னக் கைக்கு இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, விரல் துளைக்கு எட்டுவது. இன்னொன்று, துளையை முழுக்க மூடுவது. தணிந்த விசில்களில் குழல் அகலமாகி, துளையும் பெரிதாகும். குழந்தையின் விரல் சதை 10 மி.மீ. துளையை முழுக்க மூடாது. வாங்கும்போது பலரும் எட்டுவதை மட்டும் பார்க்கிறார்கள், மூடுவதைப் பார்ப்பதில்லை. சோதிக்கச் சுலபமான வழி: துளையில் விரலை வைத்துக் கொஞ்சம் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். சதையில் துளையின் தடம் முழு வட்டமாகப் பதிந்திருந்தால் மூடியது என்று அர்த்தம். ஒரு பக்கம் வட்டம் அறுந்திருந்தால் அங்கேதான் காற்று போகிறது. லோ டியில் அவள் மோதிர விரலில் பிறை மாதிரிதான் பதிந்தது.

பிடிக்கும் முறையை மாற்றினால் விரல் இன்னும் கொஞ்சம் எட்டும். விரல் நுனியால் மூடாமல் விரலைத் தட்டையாக நீட்டி, நடுக்கணுவின் சதையால் மூடுவது. லோ விசில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். நமக்கு இது புதிதில்லை, நாதஸ்வரக்காரர் விரலைப் பார்த்திருப்பீர்கள், நுனியில் நிற்காது. அவளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தேன். லோ டிக்கு அப்படியும் போதவில்லை. ஆனால் இந்தப் பிடி பிறகு வேறு விசிலுக்கு உதவியது.

அடுத்தது எந்தச் சுருதி என்ற கேள்வி. நாம் கர்நாடக சங்கீதப் பழக்கத்தில் யோசிக்க வேண்டிய இடம் இது. விசில்காரர்கள் ஆறு துளையும் மூடினால் வரும் சுரத்தை வைத்து விசிலுக்குப் பெயர் வைக்கிறார்கள். அதையே ஸட்ஜமமாக எடுத்து வரிசையாகத் திறந்தால் சங்கராபரண ஸ்வரங்கள் வரும். டி விசிலை அப்படி வாசித்தால் 2 கட்டை. அவள் அதுவரை வாசித்தது அப்படித்தான். நம் புல்லாங்குழலிலோ ஸட்ஜமம் மேலே இரண்டு துளையை மட்டும் மூடினால் வருவது. ஒன்றை மூடினால் ரி, எல்லாம் திறந்தால் க, ஆறையும் மூடினால் ம, கடைசித் துளையைத் திறந்தால் ப, அடுத்ததையும் திறந்தால் த, மூன்று மூடினால் நி. இயல்பாக வரும் ராகம் ஹரிகாம்போதி. விசிலிலும் மேல் ஆறு துளையின் அமைப்பு அதேதான் என்பதால் இந்த விரலடைவு அப்படியே செல்லும்.

இப்படிக் கணக்குப் போட்டால் கட்டை மாறிவிடும். டி விசில் 6 கட்டை. சி விசில் 5 கட்டை. பி ஃப்ளாட் 4 கட்டை. ஏ விசில் 3 கட்டை. ஜி விசில் 2 கட்டை. எஃப் விசில் 1 கட்டை. லோ டி மறுபடியும் 6 கட்டை, ஒரு ஸ்தாயி கீழே. அப்பாவின் 2 கட்டைக்கு லோ டியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஜி விசில் எடுத்து, புல்லாங்குழல் விரலடைவில் வாசித்தால் ஸட்ஜமம் அதே 2 கட்டையில் வந்து நிற்கும். ஸட்ஜமத்துக்குக் கீழேயும் நி, த, ப, ம என்று மந்திரத்தில் நான்கு சுரம் கிடைக்கும். பழைய விசிலில் ஸட்ஜமத்துக்குக் கீழே போகவே வழி இல்லை, பாட்டு கீழே இறங்கினால் அவள் மேல் ஸ்தாயிக்குத் தாவி வாசிப்பாள். காதைத் துளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீளமும் லோ டியைவிடக் கால் பங்கு குறைவு. விரல் எட்ட வேண்டிய தூரமும் அதே விகிதத்தில் குறையும்.

கடையில் விற்பதில் ஜெனரேஷன் என்ற கம்பெனியின் பி ஃப்ளாட் எளிதாகக் கையில் வரும் பெரிய விசில். சிறு கைக்கு எட்டும். பாடுபவர் 4 கட்டை என்றால் அதையே வாங்கிவிடலாம், செய்ய வேண்டாம். ஜி சுருதி விசில் வெளிநாட்டில் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் துளைகள் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும், பெரியவர் கைக்கு அளந்தவை. கையில் எடுத்துப் பார்க்காமல் இந்த அளவை வாங்க எனக்கு மனம் வரவில்லை. குழாய் என் கடையிலேயே கிடக்கிறது. செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எடுத்தது முக்கால் அங்குல சிபிவிசி குழாய். வெளி விட்டம் 22 மி.மீ., உள் விட்டம் 18 மி.மீ. ஜிக்கு இந்த உள் விட்டம் பொருத்தம். அரை அங்குலக் குழாயில் மந்திர ஸ்தாயி சன்னமாக ஒலிக்கும். ஒரு அங்குலத்தில் மேல் ஸ்தாயி ஏற மூச்சு போதாது. மின்கம்பி இழுக்கும் வெள்ளைக் குழாய் இன்னும் மெல்லிசு, வேலைக்கும் சுலபம். ஆனால் வாயில் வைக்கும் பொருள், அதுவும் குழந்தை வாயில். குடிநீருக்கென்று வரும் குழாயைத் தவிர வேறொன்றைப் பயன்படுத்தாதீர்கள்.

நாதம் பிறக்கும் இடம் தலைப்பகுதி. குழாயின் வாயை ஒரு கட்டையால் அடைத்து, மேலே மட்டும் மெல்லிய காற்று வழி விட வேண்டும். அந்த வழியாக வரும் காற்று, குழாயில் வெட்டிய சிறு ஜன்னலைத் தாண்டி எதிரே உள்ள கூர்விளிம்பில் மோத வேண்டும். கட்டைக்கு மரம் போடலாம். எச்சில் பட்டுப் பட்டு உப்பும், வழி அடைபடும். செல்லூரில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறை அண்ணனிடம் போனேன். "நைலான் ராடுல போட்டுத் தாரேன் தம்பி, காலத்துக்கும் இருக்கும்" என்று 18 மி.மீ.க்கு இறுக்கமாகக் கடைந்து கொடுத்தார், 3 செ.மீ. நீளம். அதன் மேல்முகத்தைக் குழாயின் வளைவுக்கு இணையாகவே 11 மி.மீ. அகலத்துக்கு, 1.2 மி.மீ. ஆழத்துக்கு அரத்தால் ராவினேன். கட்டையை ஒட்டக் கூடாது. இறுக்கத்திலேயே நிற்கட்டும், கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும்.

ஜன்னல் 11 மி.மீ. அகலம், 5.5 மி.மீ. நீளம். நீளத்தைக் கூட்டினால் நாதம் தடிக்கும், மூச்சும் அதிகம் கேட்கும். ஒன்பது வயது நுரையீரலுக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று நிறுத்தினேன். கூர்விளிம்பைத் தட்டை அரத்தால் சரிவாக ராவி, கடைசியில் நைஸ் உப்புத்தாளில் முடித்தேன். விளிம்பு காற்று வழியின் நடுவுக்கு நேராக, துளிக் கீழே இருக்க வேண்டும். இங்கே பிசிறு ஒன்று நின்றாலும் நாதத்தில் சரசரவென்று காற்றுச் சத்தம் கலக்கும். விளக்குக்கு நேரே பிடித்து வாய்ப்பக்கமிருந்து பார்த்தால் வழி முழுக்க ஒளி சீராகத் தெரிய வேண்டும். கட்டையின் ஜன்னல் பக்க முனையில் அரை மில்லிமீட்டர் மழித்துவிட்டதும் மந்திரச் சுரங்கள் திடமாக நின்றன. வாய்ப்பக்கத்தைக் கீழிருந்து சாய்வாக அறுத்து உதடு உட்காரும்படி தேய்த்தாயிற்று.

தலையையும் உடலையும் ஒரே குழாயாக விடவில்லை. தலைத்துண்டின் கீழ்முனையை ஹீட் கன்னால் சூடு காட்டி, அதே குழாயின் இன்னொரு துண்டின் மேல் ஏற்றி விரித்தேன். தண்ணீர்க் குழாயில் நாங்கள் தினமும் செய்வதுதான். உடல் அதற்குள் 3 செ.மீ. போய் உட்காரும். இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். இது ஏன் அவசியம் என்றால், நம் ஊர் வெயில். காற்றின் சூடு ஒரு டிகிரி ஏறினால் குழலின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். 100 சென்ட் ஓர் அரைச்சுரம். குளிர் நாட்டில் 20 டிகிரிக்குச் செய்த விசில் மதுரையில் சித்திரை மத்தியானத்தில் 38 டிகிரியில் அரைச்சுரத்தில் பாதி ஏறி நிற்கும். மூச்சுச் சூடும் சேர்வதால் இது கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனாலும் மார்கழி விடியற்காலைக்கும் கோடை மத்தியானத்துக்கும் ஒரே நீளம் உதவாது. வாங்குகிறவர்களும் இழுத்துச் சுருதி சேர்க்கும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

முதலில் துளையே போடாமல் கொஞ்சம் நீளமாக வெட்டி, ஊதிக்கொண்டே வாலைத் தேய்த்துக் குறைத்தேன். சுருதி காட்டும் போன் செயலியில் ஜி வந்தபோது கூர்விளிம்பிலிருந்து வால் வரை 42 செ.மீ. அளவு இருந்தது. அப்புறம் துளைகளின் இடம். கணக்கில் வந்த இடங்களில் அக்காவின் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து ஆறு பொட்டை எடுத்து ஒட்டி, அவளைப் பிடிக்கச் சொன்னேன். துளை போடுவதற்கு முன்னாலேயே விரல் எங்கே இயல்பாக விழுகிறது என்று தெரிந்துவிடும். நகர்த்தி ஒட்டிப் பார்க்கவும் சுலபம். கண்ணை மூடிக்கொண்டு கையை உதறிவிட்டுப் பிடி என்றேன். வலக்கை மோதிர விரல் ஒவ்வொரு தடவையும் பொட்டுக்குப் பக்கவாட்டில், கை இருக்கும் பக்கமாக, 7 மி.மீ. தள்ளியே விழுந்தது. இடக்கை மோதிர விரலும் அப்படியே, கொஞ்சம் குறைவாக. நீளவாக்கில் எட்டுகிறது, நேர்கோட்டுக்குத்தான் விரல் வர மறுக்கிறது.

துளை கூர்விளிம்பிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதுதான் சுரத்தைத் தீர்மானிக்கும். குழாயைச் சுற்றி எந்தப் பக்கம் இருந்தாலும் சுரம் மாறாது. ஆகவே ஆறாம் துளையை வலப்பக்கமாக, மூன்றாம் துளையை இடப்பக்கமாக விரல் விழுந்த இடத்துக்கே திருப்பி வைத்தேன். காசு செலவில்லாமல் எட்ட வேண்டிய தூரத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கடையில் வாங்கும் விசிலில் ஆறாம் துளை பக்கவாட்டில் தள்ளியோ, அடித்துண்டு தனியே திருகும்படியோ இருந்தால் சின்னக் கைக்கு அதையே எடுங்கள். இப்படித் திருப்பிய துளையோடு செய்த குழலை இடக்கைப் பழக்கக்காரர் மாற்றிப் பிடிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாத் துளையையும் முதலில் 5 மி.மீ. பிட்டால் போட்டு, வாலிலிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். துளை சிறிதாக இருக்கும் வரை சுரம் தணிந்தே இருக்கும். உருண்டை அரத்தால் வாய்ப்பக்க விளிம்பைச் சுரண்டினால் ஏறும். சிரமம் கொடுத்தது ஆறாம் துளை. அதைச் சிறிதாக்கி மேலே தள்ளினால் கைக்குச் சுகம், 6 மி.மீ.யில் வலக்கை எட்ட வேண்டிய தூரம் ஐந்தரை செ.மீ.க்கு வந்துவிட்டது. ஆனால் அந்தத் துளையில் வருவது பஞ்சமம். 2 கட்டையில் சுருதிப் பெட்டி ஸட்ஜமமும் பஞ்சமமுமாக முழங்கிக்கொண்டிருக்க, விசிலின் பஞ்சமம் மட்டும் மூக்கடைத்த குரலில் வந்தது. பஜனைப் பாட்டில் ப-வில் நின்று நீட்டும் இடங்கள் ஏராளம். உடல் துண்டை மறுபடி வெட்டி, ஆறாம் துளையை இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கி 7 மி.மீ. ஆக்கினேன். எட்ட வேண்டிய தூரம் இப்போது 5.7 செ.மீ. பஞ்சமம் திறந்தது. ஐந்தாம் துளை 9 மி.மீ., அவள் நடுவிரல் சதையில் முழு வட்டம் பதிகிறது. மற்றவை 7, 8 மி.மீ.க்குள்.

இன்னொரு விஷயம், செயலி காட்டும் முள்ளை அப்படியே நம்பாதீர்கள். அது சம அளவாகப் பிரித்த மேற்கத்தியக் கணக்கு. தம்புரா நாதத்தோடு சேர வேண்டுமானால் அந்தர காந்தாரம் செயலி சொல்வதைவிட 14 சென்ட் தணிந்து நிற்க வேண்டும். எல்லாத் துளையும் திறந்தால் வரும் சுரம் அது, முதல் துளையின் அளவுதான் தீர்மானிக்கும். அதை மட்டும் அப்பாவை உட்கார வைத்துக் காதாலேயே சேர்த்தேன். அரத்தை ஒரு இழுப்பு இழுத்து ஊதிக் காட்டுவேன். "இன்னும் இல்ல", "இன்னும் இல்ல", அப்புறம் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். செயலியில் பார்த்தேன். 13 சென்ட் தணிந்திருந்தது.

கடைசியாகத் துளை விளிம்புகளை உள்ளும் புறமும் மழித்து, குழாய் முழுவதையும் நைஸ் உப்புத்தாள் போட்டு, வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். சிபிவிசி தூள் உள்ளே ஒட்டியிருக்கும், துணியைக் கம்பியில் சுற்றி உருவி எடுக்க வேண்டும்.

வாசிப்பில் அவளுக்குப் புதிதாக வந்த கஷ்டம், க-விலிருந்து ம-வுக்குப் போகிற இடம். எல்லாம் திறந்த நிலையிலிருந்து ஆறு விரலும் ஒரே நேரத்தில் இறங்கி மூட வேண்டும், மூச்சும் கூடவே கொஞ்சம் அழுந்த வேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் நடுவில் ஒரு கீச்சு. பழைய விரலடைவில் இந்தத் தாவல் ஸ்தாயியின் விளிம்பில்தான் வரும். இதில் பாட்டின் நடுவே வந்து நிற்கிறது. மத்திய ஸ்தாயி ஸட்ஜமத்திலிருந்து ச ரி க ம, ம க ரி ச மட்டும் மெதுவாக, சுருதிப் பெட்டியோடு, வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். விரலைத் தட்டையாக வைக்கும் பிடியில் இது சீக்கிரம் படிந்தது. நுனியில் நிற்கும் விரல் துளையைத் தேடும், தட்டை விரலுக்குத் தேட வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் வாசித்தால் காற்று வழியில் மூச்சின் ஈரம் சேர்ந்து நாதம் மங்கும். 1.2 மி.மீ. வழிக்கு இது இயல்பு. ஜன்னலை விரலால் மூடிக்கொண்டு ஒரு தடவை பலமாக ஊதினால் நீர் போய்விடும். பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து வழியில் விட்டு அப்படியே காயவிட்டால், ஈரம் முத்து முத்தாகத் திரளாமல் பரவிப் போய்விடும், அடைப்பும் குறையும். ஞாயிற்றுக்கிழமை கட்டையைத் தட்டிக் கழற்றிக் கழுவிக் காயவைக்கிறோம்.

சத்தம் எப்படி என்று கேட்டால், பித்தளை டி விசிலின் பளபளப்பு இதில் கிடையாது. மந்திரத்தில் மூங்கிலுக்குப் பக்கத்தில் வருகிறது, மேல் ஸ்தாயி ஸட்ஜமம் வரைக்கும் மென்மை. அதற்கு மேல் மத்திமம் வரை ஏறும். அங்கே மட்டும் கொஞ்சம் கூர்மை. குழைவாகச் சுரம் சேர்க்க அரைத்துளை விடுவதற்கு 2 மி.மீ. தடிமன் உள்ள குழாய்ச் சுவர் நன்றாகவே உதவுகிறது, விரல் விளிம்பை உணர்கிறது. அப்பா இப்போது பாதியில் நிறுத்துவதில்லை. அவர் நிரவல் மாதிரி ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடும்போது அவள் கூடவே கீழே ப வரை இறங்கி வருகிறாள்.

எதிர் வீட்டுப் பையனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் அப்பாவும் பஜனைக்காரர், 1 கட்டையில் பாடுகிறவர். அவனுக்கு எஃப் விசில் ஒன்று இப்போது பட்டறையில் இருக்கிறது. அதே முக்கால் அங்குலக் குழாய்தான், கணக்கு நீளம் 50 செ.மீ. கை கொஞ்சம் பெரிது என்றாலும் ஆறாம் துளை அவனுக்கு இன்னும் இழுபறியாகவே இருக்கிறது. அதை 9 மி.மீ. பக்கவாட்டில் திருப்பி, சுண்டு விரலால் மூட முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிட்டை வைக்க வேண்டும்.